சட்டைப் பையில் பியூஸ் கட்டை

"ராமசுப்பு வந்துருக்கேன்" என்று சுவிட்ச் போர்டிடம் சொல்லிவிட்டு ஒரு நொடி நிற்கிறார். பிறகு வலது கையின் பின்புறத்தால் தொடுகிறார். போர்டோ, மோட்டாரோ, மாவாட்டும் கிரைண்டரோ, எதுவானாலும் முதலில் புறங்கைதான். இடது கை அந்நேரம், கரண்ட் நெஞ்சு வழியாக மறு கைக்குப் பாயாதிருக்க, கால்சட்டையின் பின்பையில் செருகிக் கிடக்கும். புதிதாகப் பார்க்கிற வீட்டுப் பெண்கள், ஆளுக்கு எங்கேயோ கழன்றுவிட்டது என்று அடுப்படிக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ராமசுப்புவுக்கு அதில் துளி வருத்தம் கிடையாது. "கரண்டு அடிச்சா உள்ளங்கை பிடிச்சுக்கிரும். புறங்கை உதறிரும். அம்புட்டுத்தான் தொழிலு" என்பார்.

அருப்புக்கோட்டைக்காரர். வயது ஐம்பத்து மூன்று. இங்கிருந்து திருச்சுழி வரைக்கும் கரிசலுக்குள் சிதறிக் கிடக்கிற ஊர்களில் பாதி வீடுகளுக்கு வயர் இழுத்தது இந்தக் கைதான். பழைய எக்செல் வண்டியின் முன்னால் வயர் சுருள், பின்னால் தகரப் பெட்டி, கைப்பிடியில் ஈரச்சாக்கு சுற்றிய இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில். வேலை செய்கிற வீட்டில் ஒரு வாய் தண்ணீர் கேட்க மாட்டார். ஐந்து நாளைக்கு ஒருமுறை குழாய் வருகிற சீமையில் அடுத்தவர் குடத்தில் கை வைப்பது களவு என்பது அவர் கட்சி. தன் பாட்டிலையும் யாருக்கும் நீட்ட மாட்டார். அதில் மட்டும் அப்படி ஒரு கஞ்சத்தனம்.

கூடமாட ஆள் வைத்துக்கொள்வதில்லை. ஏன் என்று கேட்டால், "ஆளு வச்சா ரெண்டு கை கூடும். அதுல ஒரு கை போயி மெயினைப் போட்டுரும்" என்று பதில் வரும். வேலை தொடங்கும் முன் மெயினிலிருந்து பீங்கான் பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொள்வார். கட்டை தன் நெஞ்சின் மேல் இருக்கும்வரை அந்த வீட்டில் எவனாலும் கரண்ட் விட முடியாது. இதில் கூத்தும் நடந்ததுண்டு. எம்.ரெட்டியபட்டியில் சண்முகவடிவு வீட்டு வேலையை முடித்துவிட்டுக் கட்டையோடு வண்டியேறிவிட்டார். ராமசுப்புவின் மனைவி முனீஸ்வரி சட்டையைத் துவைக்கப் போட்டபோதுதான் கட்டை அகப்பட்டது. அதற்குள் சண்முகவடிவு, காற்றாடி இல்லாத கோபத்தில், ராமசுப்புவின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டித் தீர்த்திருந்தாள்.

சிரிக்கிற விஷயம்தான். ஆனால் இந்தக் கிறுக்குகளுக்கெல்லாம் வேர் ஒரு மத்தியான வேளையில் இருக்கிறது. இருபத்திரண்டு வருடம் முன்னால், ஒரு பஞ்சுக் கிடங்கு. கூட்டாளி மருதுபாண்டி ஏணியின் உச்சியில் நிற்க, பிடுங்கிய கட்டையைச் சன்னல் விளிம்பில் வைத்துவிட்டு ராமசுப்பு டீ வாங்கப் போனார். சும்மா கிடக்கிறதே என்று யாரோ நல்லெண்ணத்தில் அதை எடுத்துச் செருகிவிட்டார்கள். டீயோடு திரும்பி வந்தபோது மருதுபாண்டி கம்பியைப் பிடித்தபடி, சிரிப்பது மாதிரி பல் தெரிய நின்றிருந்தான். "ஏலே, எறங்குலே, டீ ஆறுது" என்று ராமசுப்பு மூன்று தடவை அதட்டியிருக்கிறார். மூன்றாவது தடவைக்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் மூக்கைச் சிந்துகிற சாக்கில் எழுந்து போய்விடுவார்.

திருச்சுழியிலிருந்து நர்கிஸ் போன் போட்டது இந்தச் சித்திரையில். எடுத்ததும் அழாத குறைதான்.

"அண்ணே, புது மெஷினும் கரண்டு பிடிக்குதுண்ணே. நீங்க இன்னைக்கே வரணும்."

நர்கிஸ், மீரான் பீவியின் மருமகள். ஒன்பது வருடம் முன்னால் அந்த வீட்டைக் கட்டியபோது வயரிங் ராமசுப்புதான். மீரான் பீவியின் கணவர் ஒலி முகம்மது குவைத்தில் இருபது வருடம் லாண்டரி வேலை பார்த்தவர். ஒரேயடியாக ஊர் திரும்பியபோது, ஆட்கள் டிவி கொண்டுவருகிற மாதிரி, துணி காயவைக்கிற மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். திருச்சுழியில் துணி காயவைக்க மெஷின்! மாடியில் ஒரு முனையில் துணியைப் போட்டு மறு முனைக்குப் போவதற்குள் முதல் துணி மொறமொறத்துப் போகிற ஊர். 'வெயிலை விலைக்கு வாங்குன பாய்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். "வெயில் காயத்தான் வைக்கும். அடுத்த காத்துக்கே புழுதி வந்து திரும்ப அழுக்காக்கிரும்ல?" என்பார் அவர். மெஷினிலிருந்து எடுத்த துண்டைச் சூடு ஆறும் முன்னால் முகத்தில் போர்த்திக்கொண்டு ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருப்பார். அந்தச் சுகத்துக்காகத்தான் மெஷினையே கட்டிச் சுமந்து வந்தார் என்பது ராமசுப்புவின் கணிப்பு.

இரண்டு வருடம் முன்னால், மாசி மாதத்தில், ஒலி முகம்மது நெஞ்சுவலியில் போய்விட்டார். சித்திரை பிறந்ததும் மெஷின் பிடிக்கத் தொடங்கியது. தொட்டால் சுருக்கென்று ஒரு இழுப்பு. ஐப்பசி மழைக்கு அடங்கும், வெயில் ஏறினால் மறுபடி வரும். நர்கிஸ் அந்தப் பக்கமே போவதில்லை. போன மாதம் பழைய மெஷின் ஒரேயடியாக நின்றது. ஷார்ஜாவில் இருக்கும் அவள் புருஷன் இர்பான், அதைக் காட்டிலும் பெரிதாக ஒன்றை அங்கிருந்தே ஆர்டர் போட்டான். பழையது காயலான் கடைக்குப் போனது. புதியதை இறக்கி, அட்டையைப் பிரித்து, பிளக்கைச் சொருகி, பெட்டி வாசனை போகுமுன் நர்கிஸ் கையை வைத்தாள். சுருக்! அதே இழுப்பு. அதே இடம்.

ராமசுப்பு போய்ச் சேர்ந்தபோது உச்சிவேளை. தெருவில் ஒரு குருவி இல்லை. கண்ணைப் பறிக்கிற வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் வீடு கும்மென்று இருட்டாக இருந்தது. அந்த இருட்டுக்குள், ஒலி முகம்மது படுத்திருந்த அறையில், அணைத்து வைத்த எல்.இ.டி. பல்பு ஒன்று லேசாக மினுங்கிக்கொண்டிருந்தது. சுவிட்சைப் பார்த்தார். அணைந்துதான் இருந்தது. எங்கேயாவது ஒரு கசிவு இருந்தால் இந்த வகைப் பல்பு இப்படி மினுங்கும், அவருக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் புறங்கையால் சுவிட்சை இன்னொரு தடவை போட்டு அணைத்துப் பார்த்தார்.

நர்கிஸ் இடுப்பில் மகளை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஒன்றரை வயது. கீழே விடச் சொல்லி அது காலை உதறியது.

"நடக்க ஆரம்பிச்சுட்டாண்ணே. எதைப் பாத்தாலும் எச்சிக் கையோட போயித் தொடுறா. எறக்கி விடவே பயமா இருக்கு."

"ராமசுப்பு வந்துருக்கேன்" என்று மெஷினிடம் சொன்னார். இடது கையைப் பின்பையில் செருகிக்கொண்டு புறங்கையை வைத்தார். கை தானாக உதறியது. எத்தனையோ வீட்டில் எத்தனையோ மாதிரி வாங்கியிருக்கிறார், இது அந்தக் கடி இல்லை. கூட்டத்தில் நிற்கும்போது தெரிந்தவர் யாரோ பின்னாலிருந்து விரலால் தொட்டு எடுத்தது போல இருந்தது. திரும்பிப் பார்த்தார். வாசல் நிலையைப் பிடித்தபடி மீரான் பீவி நின்றிருந்தார்.

"தெரியுதா தம்பி?" என்று கேட்டார். முகத்தில் பயம் இல்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் ஆளைக் காட்டி, அடையாளம் தெரிகிறதா என்று கேட்கிற குரல் அது.

மெயின் கட்டை சட்டைப் பைக்குப் போனது. மோட்டாருக்கும் மெஷினுக்கும் சேர்த்து ஒரே லைன் ஓடிக்கொண்டிருந்தது, புது மெஷின் இழுக்கிற கரண்டுக்கு அந்த வயர் தாங்காது. பழையதை உருவியபோது மேல்தோல் கருகி, முறுக்குத் துணுக்கு மாதிரி உதிர்ந்தது. இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் சுவருக்குள்ளேயே தீப்பிடித்திருக்கும். மெயினிலிருந்து மெஷினுக்கென்று தனியாகக் கனத்த வயர் இழுத்து, புது பிளக் பெட்டி வைத்தார். சிவப்பைக் கட்டினார், கறுப்பைக் கட்டினார். பச்சையை எடுத்தபோது மீரான் பீவி பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். நர்கிஸ் பிள்ளையைத் தூங்கவைக்க உள்ளே போயிருந்தாள்.

"அது எதுக்குத் தம்பி?"

"இதாங்க்கா எர்த்து. மெஷின் உடம்புல கரண்டு கசிஞ்சா, மனுசன் மேல பாயாம இது வழியா மண்ணுக்குள்ள போயிரும். இது எங்கயோ செத்துக் கெடக்கு. அதான் ரெண்டு மெஷினும் பிடிச்சிருக்கு. இனிமே பிடிக்காது."

மீரான் பீவி உள்ளறைப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டார். குரல் தாழ்ந்துவிட்டது.

"அந்தப் பச்சையை மட்டும் கட்டாம விட்டுரேன் தம்பி."

"ஏங்க்கா?"

"அவுக கையி தம்பி அது." சேலை முந்தியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். "தெனமும் சாயந்தரம் அசர் பாங்கு கேட்டதும், தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செஞ்சுட்டு, ஈரக்கையோட வந்து ஒரு தடவ வைப்பேன். சுருக்குனு பிடிக்கும். லீவுல வந்தாகன்னா இப்படித்தான், வீடு நிறைய ஆளு இருக்கையில யாருக்கும் தெரியாமக் கையைப் பிடிச்சுட்டு விட்டுருவாக. இருபது வருசம் அந்தப் பிடியை வச்சுத்தான நான் இருந்தேன்? வெளிய சொன்னா மார்க்கத்துக்கு ஆகாதும்பாக. இல்லாட்டிப் பைத்தியம்பாக. பழைய மெஷினு போனப்ப முடிஞ்சுதுன்னு அழுதேன். புதுசுலயும் வந்துட்டாகளே தம்பி! நீ அதைச் சேத்துட்டா அவுக ரெண்டாந்தடவ போயிருவாக."

ராமசுப்பு பச்சை வயரைத் தரையில் வைத்தார். போர்டிடம் பெயர் சொல்லிப் பேசுகிற மனிதன் இந்த அம்மாவைப் பார்த்துச் சிரிக்க முடியுமா? மருதுபாண்டியின் விரல் எங்கேயாவது ஒரு இரும்பில் அகப்படும் என்றால், தானே அந்த எர்த்தை அறுத்துவிட்டு உட்கார்ந்திருப்போம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் பயமாகவும் இருந்தது.

"பிள்ளை இருக்கேக்கா."

"நான் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கலாம் என்றுதான் அன்றைக்கு அவரும் கட்டையைச் சன்னலில் வைத்தார். எழுந்து, எர்த் குழியைப் பார்க்கப் பின்கட்டுக்குப் போனார்.

கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒன்பது வருடம் முன்னால் உப்பும் கரியும் கொட்டி அவர் புதைத்த குழாயைக் கால் கட்டைவிரலால் அசைத்தார். ஆடுகிற பல் மாதிரி ஆடியது. மண் வற்றி, குழாயை விட்டே விலகிப் போயிருந்தது. அதற்குப் பிறகுதான் குழாய்க்கு அருகே கிடந்த கல்லைக் கவனித்தார். ஒரு ஆள் உட்காருகிற உயரம். கல்லின் மேல் ஒரு அலுமினியச் செம்பு கவிழ்த்து வைத்திருந்தது. அதன் முதுகில் இரண்டு வருடப் புழுதி. கல்லடியிலிருந்து குழாய் வரைக்கும், உடைந்த ஓட்டுச் சில்லுகளை இரண்டு பக்கமும் நட்டு, ஒரு சாண் அகலத்தில் வாய்க்கால் ஒன்று போனது. ஒவ்வொரு சில்லாகப் பார்த்துப் பார்த்து வைத்த வேலை.

ராமசுப்பு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குப் பேசியது ஞாபகம் வந்தது. "பாய், கோடையில வாரத்துக்கு ரெண்டு குடம் தண்ணி இதுல ஊத்துங்க. மண்ணு காஞ்சா எர்த்து செத்துரும்" என்று இவர் சொன்னதற்கு, "நல்லாச் சொன்னீரு! குடிக்கத் தண்ணியக் காணோம், மண்ணுக்கு ரெண்டு குடமாம்ல?" என்று அவர் சிரித்தார். காதில் வாங்கவில்லை, விட்டுவிட்டார் என்றுதான் ராமசுப்பு இத்தனை நாளும் நினைத்திருந்தார். இந்தப் பக்கத்தில் யாரிடம் சொன்னாலும் நடப்பது அதுதான். தண்ணீரை மண்ணில் கொட்ட எவருக்கும் கை வராது.

"அக்கா, செத்த இங்க வாங்க. இந்தக் கல்லு எப்ப இங்க வந்துச்சு?"

"வீடு கட்டுன புதுசுலயே அவுகதான் தூக்கிட்டு வந்து போட்டாக. அஞ்சு வேளையும் இதுல உக்காந்துதான் ஒளு செய்வாக. உள்ள அம்புட்டுப் பெரிய பாத்ரூம் இருக்கேன்னு நான் சண்டை கூடப் போட்டுருக்கேன். நாங்க உள்ளதான் செய்வோம். அவுக போனப்புறம் இதுல யாரும் உக்காரல. செம்பைத் தொடவும் எனக்கு மனசு வரல."

ராமசுப்பு வாய்க்காலைக் காட்டினார்.

"அவுக கை கால் கழுவுன தண்ணி பூராம் இது வழியா எர்த்துக்குப் போயிருக்குக்கா. ஒரு குடம் வீணாகாம, நான் சொன்னதைச் செஞ்சிருக்காரு மனுசன். ஏழு வருசம் உங்க வீட்டுல யாரையும் கரண்டு தொடாம இருந்தது அந்தத் தண்ணியாலதான். அவரு போனாரு, தண்ணி நின்னுச்சு. மண்ணு காஞ்சுச்சு. மெஷின் பிடிக்க ஆரம்பிச்சிருச்சு."

மீரான் பீவி குனிந்து அந்தச் சில்லுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். வெயில் நெற்றிப் பொட்டில் அடித்தது. ராமசுப்புவுக்கே நிற்க முடியவில்லை.

"அப்ப அவுக இருந்த வரைக்கும் இது யாரையும் பிடிக்கல" என்றார் கடைசியில். "போனப்புறந்தான் பிடிச்சிருக்கு. அப்ப இது அவுக இல்லையே தம்பி." முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. ராமசுப்பு பார்வையைத் திருப்பிக்கொண்டார், அவருக்கும் கண் கலங்கித்தான் போயிருந்தது. கொஞ்ச நேரத்தில் மீரான் பீவி உள்ளே போனார். திரும்பி வந்தபோது இடுப்பில் குடிதண்ணீர்க் குடம் இருந்தது. கையில் ஒரு பொட்டலம் கல்லுப்பு.

மண்ணைக் கொத்தி இளக்கி, உப்பும் அடுப்புக் கரியும் போட்டு இறுக்கினார்கள். குடம் முழுவதையும் மண் சத்தத்தோடு உறிஞ்சிக்கொண்டது. அடுத்த குடத்தையும் குடித்தது. ராமசுப்பு உள்ளே வந்து பச்சை வயரைக் கட்டினார். மீரான் பீவி வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டையைச் செருகி மெஷினை ஓடவிட்டுப் புறங்கையை வைத்தார். ஒன்றும் இல்லை. மீரான் பீவி ஈரக்கையை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "இல்ல" என்றார். அவர் முகத்தைப் பார்க்க ராமசுப்புவுக்குத் தெம்பில்லை. தூங்கி எழுந்த பிள்ளையை நர்கிஸ் முதல் தடவையாக இறக்கி விட்டாள். அது தத்தித் தத்திப் போய், எச்சில் கையால் மெஷினைப் பட்டுப் பட்டென்று அடித்துச் சிரித்தது. நர்கிஸும் சிரித்துவிட்டு, மாமியாரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். உள்ளறைப் பல்பு மினுங்கவில்லை.

வேலை முடிந்த பிறகு ஒரு தடவை எல்லா ஸ்குருவையும் இறுக்குவது ராமசுப்புவின் வழக்கம், சூடு பட்டால் தளரும் என்பார். மெஷினை நிறுத்தி, பிளக்கை உருவித் தரையில் போட்டார். மெயின் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானை மாட்டினார். அந்த நேரம் அசர் பாங்கு கேட்டது. மீரான் பீவி எழுந்து பின்கட்டுப் பக்கம் நடந்தார். பாத்ரூமுக்குள் போகவில்லை. செம்பின் புழுதியை முந்தியால் துடைக்கிற சத்தம், பிறகு கல்லில் உட்காருகிற சத்தம். செம்பிலிருந்து தண்ணீர் விழுந்தது.

ராமசுப்பு கடைசி ஸ்குருவை இறுக்கிவிட்டு, பழக்கத்தில், இடது கையைப் பின்பையில் செருகிக்கொண்டு புறங்கையை மெஷின்மேல் வைத்தார். சுருக்.

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். கட்டை இருந்தது. பொத்தான் மாட்டியபடியே இருந்தது. பிளக் காலடியில், தரையில் கிடந்தது. வெளியே இன்னொரு கை தண்ணீர் விழுந்தது, வாய்க்காலில் அது ஓடுகிற சின்னச் சத்தம் உள்ளே வரை கேட்டது. மறுபடி ஒரு தொடுகை. யாருக்கும் தெரியாமல் பிடித்துவிட்டு விடுகிற மாதிரி.

"பாய், ராமசுப்பு வந்துருக்கேன்" என்றார் மெல்ல. இருபத்திரண்டு வருடமாக எந்த மெஷினையும் உள்ளங்கையால் தொடாதவர், கையை உதறவில்லை. இடது கையைப் பின்பையிலிருந்து எடுத்துக்கொண்டார். வலது கையை மெதுவாகத் திருப்பி, உள்ளங்கையை அப்படியே வைத்தார்.